சிவப்பு, சிவப்பு, ப்ரௌன்

சாராள் டீச்சருக்குக் காது மந்தமானதில் ஜெயசீலிக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அந்தக் காதுக்குத் தன் புருஷன் சத்தத்தைப் பெருக்கிக் கொடுக்கிற ஒரு பெட்டி செய்து தருகிறேன் என்று கிளம்பினானே, அதில்தான் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. ஊரில் எத்தனையோ பேருக்குக் காது கேட்கவில்லை. எதிர்வீட்டுச் சத்தியநாதன் தாத்தாவுக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. அவருக்கெல்லாம் ஒரு கம்பியைக்கூட வளைத்துக் கொடுக்காத தனசிங்குக்கு, சர்ச்சுப் பாடகர் குழுவில் பாடுகிற, இன்னும் கல்யாணமாகாத, முப்பது வயதுச் சாராளின் காதுதான் கண்ணில் பட்டதாக்கும்?

தனசிங் பம்மலில் ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதுகிறவன். சாயங்காலம் தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கி, சைக்கிளை மிதித்துச் செம்பாக்கம் ஏரிக்கரை வீட்டுக்கு வருவான். அவனுக்கு முன்னால் அவன் சட்டையின் தோல் வாடை வந்து சேரும். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னறை மூலையில் இருக்கும் மேஜைக்குப் போய் உட்கார்ந்தால் அவனுக்கு உலகம் மறந்துவிடும். பழைய ரேடியோக்களைப் பிரிப்பான், பூட்டுவான். நாலு வீட்டு ரேடியோ அவன் கையால் பிழைத்திருக்கிறது. பிழைக்காமல் போனவை மேஜைக்கு அடியில் கிடந்தன.

அவனைப் பற்றி ஒரு விஷயம் ஊருக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் ப்ரௌனும் அவன் கண்ணுக்கு ஒன்றுதான். வாலிபத்தில் ரயில்வே பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவன், கண் சோதனையில் புள்ளி புள்ளியாகப் போட்ட புத்தகத்தைக் காட்டி நம்பர் கேட்டபோது விழித்துக்கொண்டு நின்று வெளியே வந்தான். ரயில்வேக்காரர்கள் நிறைந்த ஊரில் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "அந்த வேலை நமக்கு ஒத்து வராதுன்னு உதறிட்டேன்" என்று சொல்லித் திரிந்தான். கல்யாணமான முதல் கிறிஸ்துமஸுக்கு, "உனக்குச் சிவப்பு எடுத்திருக்கேன்" என்று அவன் பிரித்துக் காட்டிய சேலை வாழையிலைப் பச்சையாக இருந்தது. ஜெயசீலி ஒன்றும் பேசாமல் அதைக் கட்டிக்கொண்டு சர்ச்சுக்குப் போய் வந்தாள். வழியில் யாரோ, "பச்சை உனக்கு நல்லா இருக்கு" என்று சொன்னதைக் கேட்டு அவனுக்கு முகம் வெளுத்தது. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொல்லி அழுதான். அன்றிலிருந்து அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

ரேடியோ வேலைக்கோ நிறம் தெரியாமல் முடியாது. ரெசிஸ்டர் என்று ஒரு சாமான், நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் உடம்பில் சுற்றிவர நிறக் கோடுகள் இருக்கும். எந்தக் கோட்டுக்கு என்ன எண் என்று கணக்கு. தனசிங்குக்கு எண் தெரியும், நிறம் தெரியாது. ஜெயசீலி வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். நூறு நூல்கண்டுகளுக்கு நடுவே துணிக்கேற்ற நூலை ஒரே பார்வையில் எடுத்துவிடுவாள். அவளுக்கு நிறம் தெரியும், எண்ணைப் பற்றிக் கவலை இல்லை. மூர் மார்க்கெட்டில் எடை போட்டு வாங்கி வந்த பழைய ரெசிஸ்டர்களை முறத்தில் கொட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவனுக்குப் பக்கத்தில் உட்காருவாள். பிள்ளைகள் இரண்டும் சண்டே ஸ்கூலுக்குப் போயிருக்கும். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, "ப்ரௌன், கறுப்பு, ஆரஞ்சு" என்பாள். "பத்து கே, பத்தாயிரம்" என்பான் அவன். "மஞ்சள், வயலட், ரெட்." "நாலாயிரத்து எழுநூறு." ஜெபத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி அது போய்க்கொண்டே இருக்கும்.

"ஒரு மீட்டர் வாங்கிட்டா அதுவே அளந்து சொல்லிடும், இந்தத் தொல்லை இல்லையேங்க" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"மீட்டர் எதுக்கு? எனக்கு மீட்டர் நீதான்."

நகை நட்டு என்று அவன் பெரிதாக ஒன்றும் செய்து போட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையைத்தான் அவள் நகையாக வைத்திருந்தாள். இப்போது அதே முறத்தோடு உட்கார்ந்து சாராளுக்கு ரெசிஸ்டர் பொறுக்கித் தர வேண்டியிருந்தது.

பெட்டிக்கு வேண்டிய படம் ஏதோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் வந்திருந்தது. அதில் போட்டிருந்த சாமான் ஒன்றுகூட இங்கே கிடைக்கிற மாதிரி இல்லை. கிடைத்தாலும் தோல் கிடங்குச் சம்பளத்துக்குக் கட்டாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனசிங் ஒரு மாற்று யோசித்தான். யோசிக்கும்போது அவன் முகத்தில் வந்த களையைப் பார்க்கப் பார்க்க ஜெயசீலிக்குப் பொறுக்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டறதுக்குப் பத்திரிகைக்காரன் போட்டிருக்கிற டிரான்சிஸ்டரு சீமைச் சரக்கு. அதுக்குப் பதிலா நம்ம பெங்களூர்ச் சரக்கு ஏசி நூத்தியிருபத்தெட்டு போட்டுக்கலாம். கொஞ்சம் சூடு தாங்காது. அதுக்கு ஒரு தகடு மாட்டிட்டாப் போச்சு. உன் பவுடர் டப்பா காலியாயிடுச்சா?"

"பாதி இருக்கு."

"ஒரு கிண்ணத்துல கொட்டி வச்சுக்கயேன்."

"ஏன், டீச்சரம்மா வீட்ல பவுடர் போடுறதில்லையா?"

அவன் காதில் அது ஏறவில்லை. "ஹெட்போனு மிலிட்டரிக் கழிவுல கிடைக்கும், கனமா இருக்கும், பரவாயில்லை. பெட்டிக்கு நம்ம சோப்பு டப்பா. ஸ்விட்சுக்கு அந்தச் செத்த டார்ச்சு லைட்டு. மைக்குதான் இடிக்குது. ஒரு சின்ன ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்டா மைக்கு மாதிரியே வேலை செய்யும்."

"ஸ்பீக்கருக்கு எங்க போவீங்க?"

"பார்க்கலாம்" என்று சொல்லி அவன் மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

காலையில் ஏரி மீன் கொண்டுவரும் அம்மணிக்கு இந்தச் சங்கதி எப்படியோ எட்டியிருந்தது. கார்த்திகை மழையில் நனைந்த கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, கெளுத்தியை எண்ணிப் போட்டுக்கொண்டே வாயைக் கிளறினாள்.

"இன்னாக்கா, அண்ணாத்த அந்த டீச்சரம்மாவுக்குப் பொட்டி செஞ்சிகினு கீறாராமே?"

"ஆமா, காது கேக்கறதுக்கு."

"காது கேக்கறதுக்கா? நல்ல கதையாக் கீது. எங்கூட்டு ஆளு எனக்கு ஒரு கூடைக்குப் பிடி கட்டிக் குட்த்ததில்ல. ஊரான் பொண்ணுக்கு ஒருத்தன் ராவும் பகலும் குந்திகினு பொட்டி செய்றான்னா, இன்னாக்கா அர்த்தம்?"

"சும்மா இரு அம்மணி. சர்ச்சு விஷயம்."

"நான் இன்னாத்த சொன்னேன்? சர்ச்சோ கோயிலோ, ஆம்பள ஆம்பளதான். உசாரா இரு. மீனைப் பாரு, எப்டித் துள்ளுது!"

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. கெளுத்தி மீன் குழம்பு ருசியாகத்தான் வந்தது. தனசிங் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பாடு முடிந்து, மாலைக்குள் கொடுக்க வேண்டிய ஒரு பிளவுஸுக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்த ஜெயசீலி, சிலோன் ரேடியோவில் பாட்டுக் கேட்கலாம் என்று சமையலறை டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திருகினாள். விளக்கு எரிந்தது, சத்தம் வரவில்லை. பின்மூடியைத் திறந்து பார்த்தாள். ஸ்பீக்கர் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை.

"என்னங்க, என் ரேடியோல ஸ்பீக்கர் எங்க?"

"ஒரு வாரம் பொறுத்துக்கோ, சீலி. அடுத்த தடவை மூர் மார்க்கெட் போறப்ப வேற ஒண்ணு பார்த்துப் போட்டுத் தர்றேன்."

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருந்தது அவளுக்கு. மத்தியானம் முழுக்க மெஷினை மிதித்துக்கொண்டு கிடக்கிறவளுக்கு அந்தப் பாட்டு ஒன்றுதான் துணை. அதைப் பிடுங்கிச் சாராளின் காதில் கொண்டுபோய் மாட்டப் போகிறான். கேட்டுவிட்டு எடுத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும்.

"சரி, முறத்தை எடுத்துக்கிட்டு வா" என்றான் அவன்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொன்றாகக் கேட்டான், ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கடைசியில், "ஒரு டூ பாயிண்ட் டூ கே வேணும். ரெட், ரெட், ரெட். பார்த்து எடு, இதுதான் முக்கியம். இந்த இடத்துல இதுல பத்துல ஒரு பங்கு விழுந்துடுச்சுன்னா டிரான்சிஸ்டர் சூடேறிச் செத்துடும்" என்றான்.

முறத்தில் மூன்று சிவப்புக் கோடு போட்டது ஒன்று கிடந்தது. அதை ஒட்டினாற்போல் இன்னொன்று. அதில் மூன்றாவது கோடு ப்ரௌன். சிவப்பு, சிவப்பு, ப்ரௌன் என்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் என்பது இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாதா? அவள் கை ப்ரௌனுக்குப் போயிற்று. கையின்மேல் பழியைப் போட அவளால் முடியாது. தெரிந்தேதான் எடுத்தாள்.

"இந்தாங்க. ரெட், ரெட், ரெட்."

அவன் அதை வாங்கி, ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கம்பியை வளைத்து இடத்தில் சொருகினான். பார்த்து என்ன ஆகப்போகிறது அவனுக்கு?

புதன்கிழமை சாயங்காலம் சாராள் பிளவுஸ் வாங்கிப்போக வந்தாள். சாராளின் அளவு இந்த ஊரிலேயே ஜெயசீலிக்குத்தான் தெரியும். அந்த அளவுகூட அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. காது மந்தமானவர்கள் பேசுகிற மாதிரி சாராள் சத்தமாகப் பேசினாள். குடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் உள்ளே விழாமல் வாசலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு நான் என்ன கைமாறு செய்யப் போறேனோ தெரியலை. ஹெட்மிஸ்ட்ரஸ் தபீதாள் அம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. ஜனவரியில இன்ஸ்பெக்ஷன். பிள்ளைங்க பாடம் ஒப்பிக்கிறது உனக்குக் கேக்கலைன்னா வேற ஆள் போடறதைத் தவிர வழியில்லேன்னுட்டாங்க. பெட்டியை மேஜை மேல வச்சுக்கிட்டு, பிள்ளைங்களைக் கிட்ட கூப்பிட்டுக் கேட்டா ஒத்துக்கறேன்னாங்க. அம்மாவும் நானும் அந்தச் சம்பளத்துலதான் சாப்பிடறோம், அக்கா."

ஜெயசீலி பிளவுஸை மடிப்பதை நிறுத்தினாள். இத்தனை நாளும் இவள் பாட்டுக் கேட்பதற்காகத்தான் இந்தக் கூத்து என்று அவள் நினைத்திருந்தாள். இப்போதே போய் அந்த ரெசிஸ்டரை மாற்றச் சொல்லிவிடலாம், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்றால் அவன் நம்பிவிடுவான். அவள் வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் சாராள் சிரித்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"போன வாரம் மூர் மார்க்கெட்ல ஒரே கூட்டம், அக்கா. நாலஞ்சு ஹெட்போன் போட்டுப் பார்த்தேன். ஒண்ணும் தலையில நிக்கலை. கொண்டையெல்லாம் கலைஞ்சு போச்சு. சார்தான் பொறுமையா ஒவ்வொண்ணா மாட்டி விட்டுப் பார்த்தாரு."

"நீயும் மூர் மார்க்கெட் போயிருந்தியா?"

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை. நல்லாப் போட்டுக்கோ. கை கொஞ்சம் இறுக்கமா இருக்கும்" என்று பிளவுஸை நீட்டினாள் ஜெயசீலி.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளை அவன் மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதில்லை. 'கசகசன்னு இருக்கும், உனக்கு எதுக்கு' என்பான். அவள் உள்ளே போனாள். அடுப்பை மூட்டினாள். ரெசிஸ்டரைப் பற்றி அவள் அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கண்ணை மூடினால், யாரோ ஒருத்தியின் கொண்டையைக் கலைக்காமல் ஹெட்போன் மாட்டிவிடுகிற தனசிங்கின் விரல்கள் தெரிந்தன.

சனிக்கிழமை சர்ச்சு ஹாலில் கிறிஸ்துமஸ் கேரல் பிராக்டிஸ். கிளம்புகிற நேரத்தில்தான் தனசிங் கடைசி ஈயப் பற்றை வைத்து முடித்தான். ஹெட்போனை ஒரு நிமிஷம் தன் காதில் வைத்துப் பார்த்து, "பேசுதுடீ!" என்று துள்ளினான். ஒருவேளை தான் செய்ததில் ஒன்றும் ஆகவில்லையோ என்று ஜெயசீலிக்கு நிம்மதி வந்தது. கூடவே ஒரு ஏமாற்றமும் வந்தது. அந்த ஏமாற்றத்தை நினைத்து அவளுக்கே தன்மேல் கூச்சமாக இருந்தது.

ஹால் ஓடுகள் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பாடகர் குழுவை நடத்துகிற வேதசிரோமணி சார் ஆர்மோனியத்தைத் திறந்தார். தனசிங் சோப்பு டப்பாவை ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வைத்து, டார்ச்சு ஸ்விட்சைத் தள்ளினான். சாராள் கனத்த ஹெட்போனைத் தானே தலையில் மாட்டிக்கொண்டாள். எல்லாரும் பாடத் தொடங்கினார்கள்.

சாராள் பாடவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள்.

"மழையா? இந்தச் சத்தம் மழையா?" என்றாள்.

வேதசிரோமணி சார் தலையை ஆட்டினார். சாராளின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அழுதுகொண்டே சிரித்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஜெயசீலி தன் முந்தானையைக் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். கர்த்தாவே, இது நிற்கட்டும், கெடாமல் நிற்கட்டும் என்று வேண்டினாள். அந்த வேண்டுதல் உண்மையானது. ரொம்பத் தாமதமானதும்கூட.

இரண்டாவது சரணத்தில் ஹெட்போனிலிருந்து கரகரவென்ற சத்தம் வெளியே கேட்டது. ஒரு கருகல் நாற்றம் வந்து, பெட்டி அடங்கிவிட்டது. சாராள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் பாட்டை நிறுத்திவிட்டதாக அவள் நினைத்திருக்க வேண்டும். சுற்றியிருப்பவர்களின் வாய் அசைவதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

தனசிங் பாய்ந்து டப்பாவைத் திறந்தான். பவுடர் டப்பாத் தகட்டில் கை பட்டு, "ஸ்ஸ்" என்று உதறினான். டிரான்சிஸ்டர் சூடேறிச் செத்திருந்தால் அதற்குக் காரணம் அந்த ஒரு ரெசிஸ்டர்தான். அவன் டப்பாவைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்து அதையே உற்றுப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அது என்ன சொல்லும்? உதவி செய்கிற ஆசையில் சாராள் குனிந்து பார்த்துவிட்டு, ஹாலுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்:

"இந்தக் கோடா சார்? சிவப்பு, சிவப்பு, ப்ரௌன்."

தனசிங் நிமிர்ந்தான். வரிசை வரிசையாக நின்றவர்களைத் தாண்டி அவன் கண் கடைசி பெஞ்சுக்கு வந்தது. ஜெயசீலி தலையைக் குனிந்துகொண்டாள்.

குழுவில் கனத்த குரலில் பாடுகிற லாசரஸ், ரயில்வே ஷெட்டில் எலக்ட்ரீஷியன். அவன் கிட்டே வந்து பார்த்தான். "ஏன் மச்சான், ரெண்டு ஆயிரத்துச் சொச்சம் போட வேண்டிய எடத்துல இரநூத்திச் சொச்சம் போட்டிருக்கே? கலர் பார்த்துப் போட மாட்டியா? யார் எடுத்துக் குடுத்தது?"

லாசரஸின் பார்வை ஹாலைச் சுற்றி வந்தது.

"நானேதான் எடுத்துப் போட்டேன்" என்றான் தனசிங். "எனக்குக் கலர் தெரியாது, மச்சான். சிவப்பும் தெரியாது, பச்சையும் தெரியாது. பிறவியிலிருந்தே அப்படித்தான்."

"என்னப்பா சொல்றே? ரயில்வே வேலையை வேணாம்னு உதறிட்டேன்னியே?"

"உதறலை. கண் டெஸ்ட்ல தள்ளிட்டாங்க."

யாரோ ஒருத்தி 'ஐயோ பாவம்' என்றாள். தனசிங்கின் காதுமடல் சிவந்து போயிற்று. இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானத்தை ஒரு நிமிஷத்தில், அவளுக்காக, எல்லார் முன்னாலும் அவிழ்த்துப் போட்டுவிட்டான். லாசரஸ் அவன் தோளைத் தட்டினான்.

"அடப்பாவி, என்கிட்ட சொல்றதுக்கு என்ன? ஷெட்டுல கழிச்சுப் போட்ட பழைய மீட்டர் ஒண்ணை ஏலத்துல எடுத்து வச்சிருக்கேன். வீட்ல சும்மாத்தான் கிடக்கு. நாளைக்கே கொண்டாறேன். கலரும் வேணாம், ஒண்ணும் வேணாம். முள்ளே சொல்லிடும்."

வீட்டுக்கு ஒரே குடையில் திரும்பினார்கள். ஏரி நிரம்பிப் பாதை வரைக்கும் தண்ணீர் வந்திருந்தது. தவளைச் சத்தம் காதைத் துளைத்தது. பாதி வழியில் அவளே ஆரம்பித்தாள்.

"நான் வேணும்னுதான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும்."

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன்?"

"மூர் மார்க்கெட்டுல அவ தலையில நீங்கதான் மாட்டி விட்டீங்களாமே? என்னை ஒரு நாளாவது அங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களா? என் ரேடியோவை அறுத்து அவ காதுக்குக் குடுக்கறீங்க."

அவன் நின்றான். "அவ தலைக்குச் சரியா இருக்கான்னு போட்டுப் பார்க்க வேணாமா? நீ பிளவுஸுக்கு அளவு எடுக்கறதில்லையா?"

அவன் சொன்னது நியாயம்தான். நியாயம் தெரிந்துவிட்டால் பொறாமை அடங்கிவிடுமா?

"ரேடியோவை உன்னைக் கேக்காம எடுத்தது தப்பு" என்று அவனே சொன்னான். பிறகு, "ஆனா நீ என் கண்ணுலயே கை வச்சுட்டியே, சீலி" என்றான். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். வீடு வந்து சேரும்வரை குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. புது டிரான்சிஸ்டர் வந்தது. வேறொரு ஸ்பீக்கர் வந்து, சமையலறை ரேடியோ மறுபடி பாடத் தொடங்கியது. லாசரஸின் மீட்டரும் வந்தது. கறுப்பாக, கண்ணாடி போட்டு, உள்ளே மெல்லிய முள்ளோடு மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. சாப்பாடு முடிந்து பிள்ளைகள் சண்டே ஸ்கூலுக்குப் போனதும், ஜெயசீலி யாரும் கூப்பிடாமலே முறத்தை எடுத்துக்கொண்டு போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. முறத்திலிருந்து ஒரு ரெசிஸ்டரை எடுத்தான். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் அதன் இரு முனையில் வைத்தான்.

"மஞ்சள், வயலட், ரெட்" என்றாள் அவள்.

முள் நகர்ந்து நாலாயிரத்து எழுநூறில் நின்றது. அவன் முள்ளைப் பார்த்துவிட்டு ரெசிஸ்டரை ஓரமாக வைத்தான். இன்னொன்றை எடுத்தான்.

"ரெட், ரெட், ரெட்" என்றாள். இந்தத் தடவை மூன்றும் சிவப்புத்தான்.

முள்ளும் அதையே சொன்னது. அவள் சொல்லச் சொல்ல, அவன் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு தடவையாவது அது தப்பாகக் காட்டாதா என்று ஜெயசீலியும் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் குரல் தானாகவே நின்றது. அது நின்றதை அவன் கவனித்தானா இல்லையா என்று தெரியவில்லை. அவன் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

பெட்டி அன்றே முடிந்தது. அது பிறகு கெடவே இல்லை. ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது பிள்ளைகள் மேஜையருகே வந்து பாடம் ஒப்பித்தார்கள். சாராளின் வேலை தப்பியது. அவள் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, அக்கா அக்கா என்று ஜெயசீலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயசீலி அவளை உட்கார வைத்துக் காபி கொடுத்து, கூலி வாங்காமல் ஒரு பிளவுஸும் தைத்துக் கொடுத்தாள்.

சாராள் போன பிறகு மேஜையைத் துடைக்கிற சாக்கில் போய் நின்று, "லாசரஸ் அண்ணனுக்கு இந்த மீட்டரை எப்போ திருப்பிக் குடுக்கணும்?" என்று கேட்டாள்.

தனசிங் ஏதோ ஒரு பழைய ரேடியோவுக்குள் தலையை விட்டிருந்தான்.

"அவசரமில்லைன்னு சொல்லிட்டான்" என்றான். "இருக்கட்டும்."

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். மறுநாளைக்கு அரிசியில் கல் பொறுக்க வேண்டியிருந்தது. சாராள்மேல் இருந்த பொறாமை அவளுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. அது அப்படியே இடம் மாறி, அந்தக் கறுப்பு மீட்டரின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.